மெஷின் நின்ற நேரம்

அத்தியாயம் 11

அதிகாலை ஃபஜ்ர் தொழுகை முடிந்து வீடு மறுபடியும் கண் அயரும் நேரம் மட்டுமே சஃபீனாவுக்குச் சொந்தம். மற்ற நேரமெல்லாம் அடுப்புக்கும் துணிக்கும் கணவன் அர்பாஸுக்கும் போய்விடும்.

தொடக்கத்திலிருந்து வாசித்து வருகிறவர்களுக்கு அவளுடைய பரண் மூலை தெரியும். புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்லிவிடலாம். தாராவியில் அந்த ஒடுங்கிய கட்டடத்தின் கீழ்த்தளம் மாமனார் சலாவுதீனின் தோல் பைப் பட்டறை. அதற்கு மேல் வீடு. வீட்டுக்கும் மேல், கூரைத் தகரத்தின் கீழே பலகை அடித்த ஒரு பரண். நிமிர்ந்து நிற்க முடியாது, உட்காரலாம். கடையநல்லூரிலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில், கொண்டு வந்த புத்தகங்களை எங்கே வைப்பது என்று அவள் விழித்தபோது, மாமியார் பேகம்தான் அந்த மூலையைத் துடைத்துக் கொடுத்தார்.

தினமும் அங்கே ஏறிப் பாயில் உட்காருவாள். மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கவனிப்பாள். மனம் அடங்கியதும் ஒரு பக்கம் எழுதுவாள். நன்றாக வந்தாலும் வராவிட்டாலும் ஒரு பக்கம். பிறகு மாட்டுங்கா விஜயலட்சுமி நடத்தும் எழுத்து வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் ‘எழுதியாச்சு’ என்று போடுவாள். காய்ச்சல் அடித்த நாளிலும் போட்டாள். பெருநாள் காலையில் வெங்காயம் உரிக்கப் போகும் முன்பும் போட்டாள்.

அவள் எழுதுவதில் பெரும்பாலும் பனி பெய்யும். பனியை அவள் கண்டதில்லை. ஆனால் மொழிபெயர்ப்பு நாவல்களில் அத்தனை குளிர்காலங்களைக் கடந்து வந்தவளுக்கு, ரயில் நிலையத்தில் தனியாக நிற்கும் கம்பளிக் கோட்டுப் பெண்ணைத் தாராவி மெயின் ரோட்டை விட நன்றாகத் தெரியும்.

அர்பாஸின் தங்கை பரீஹா அந்த வட்டத்தில் சேர்ந்தது எழுதுவதற்காக அல்ல. மனைவி தனியாக மாட்டுங்காவுக்குப் போய் வருவது அர்பாஸுக்குப் பிடிக்கவில்லை. அதனால் பரீஹா துணைக்குப் போனாள். சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாமே என்று எழுதத் தொடங்கினாள். அவளுக்குப் பழக்கமும் கிடையாது, நேரமும் கிடையாது. செம்பூரில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் மாலை நேர ரிசப்ஷன் வேலை. அங்கே கவுண்டரில் சாய்ந்துகொண்டு, தோன்றியபோது போனில் அடிப்பாள். ‘எழுதியாச்சு’ என்று அவள் ஒருநாளும் போட்டதில்லை.

இன்னொன்றும் உண்டு. பரீஹாவுக்குத் தமிழ் எழுத்து வராது. இந்தி மீடியத்தில் படித்தவள். வீட்டில் பேசும் தமிழை அப்படியே இந்தி எழுத்தில் எழுதி மதினிக்கு அனுப்புவாள். கல்யாணமாகி வந்தபின் இந்தி எழுத்துப் பழகிய சஃபீனா அதைத் தாளில் தமிழில் எடுத்து எழுத வேண்டும். இரண்டு மூன்று வாரமாக இப்படித்தான் நடக்கிறது. இரண்டு மூன்று வாரமாகத்தான் வட்டத்தில் எல்லோரும் பரீஹாவைப் பற்றிப் பேசுகிறார்கள்.

அன்று ஞாயிறு. வட்டம் கூடும் நாள். அதுவும் சாதாரண ஞாயிறு இல்லை. சென்னையிலிருந்து வரும் வார இதழ் ஒன்று, மும்பைத் தமிழர் வாழ்க்கையைப் பற்றி வாரம் ஒரு பக்கம் எழுத ஒருவரைக் கேட்டிருந்தது. இன்று வாசிக்கப்படுவதைக் கேட்டு ஆளைச் சொல்லிவிடுவதாக விஜயலட்சுமி அறிவித்திருந்தார். அந்தப் பக்கம் தன்னுடையது என்று சஃபீனா மனதுக்குள் முடிவு செய்து பல நாளாகிவிட்டது. பெயர் எந்த மூலையில் வரும், எழுத்து எவ்வளவு பெரியதாக இருக்கும் என்பது வரை யோசித்து வைத்திருந்தாள்.

மூச்சைக் கவனித்து முடித்ததும் போனைத் திறந்தாள்.

அந்த வாரப் பயிற்சி எளிமையானது. மதிய நேரத்தில், இருக்கிற இடத்திலேயே கொஞ்ச நேரம் சும்மா இருங்கள், காதில் விழுவதை எழுதுங்கள். சஃபீனா இந்தப் பரணில் உட்கார்ந்துதான் செய்தாள். கீழே பட்டறை மெஷின்கள் போட்ட இரைச்சலில் மனம் குவியவில்லை. காதில் பஞ்சு வைத்துக்கொண்டாள். அப்புறம் அமைதி வந்தது. அமைதியில் பனி பெய்தது.

பரீஹா அதே மதியம், அதே வீட்டில், சமையற்கட்டில் உம்மா பேகத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். பாதி வரை சாதாரணம்தான். மெஷின், மிக்ஸி, தெருவில் பழைய சாமான் வாங்குகிறவரின் குரல். பிறகு கரண்ட் போகிறது. அங்கே ஒரு பத்தி.

சஃபீனா அதை வாசித்தாள். மறுபடியும் வாசித்தாள். முதலில் வந்தது வெட்கம். அந்தப் பத்தியில் அவளும் இருந்தாள். இந்தப் பரணும் இருந்தது. இது நடந்தபோது அவள் பத்தடிக்கு மேலே, காதில் பஞ்சோடு, கவனம் பழகிக்கொண்டிருந்தாள்.

இரண்டாவதாக வந்ததுதான் மோசமானது. இது நன்றாக இருக்கிறது என்ற நினைப்பு. தான் இத்தனை விடியலில் எழுந்து உட்கார்ந்தும் ஒரு வரிகூட இப்படி வரவில்லை என்ற நினைப்பு. பல்லிடுக்கில் மாட்டிய இறைச்சி நார் போல அது அங்கேயே நின்றது.

எடுத்து எழுதினாள். மெஷினை எழுதினாள், மிக்ஸியை எழுதினாள், பழையது வாங்குகிறவரை எழுதினாள். கரண்ட் போன இடம் வந்ததும், மாமியாரின் மானம் என்று ஒரு காரணம் தானாகவே கிடைத்தது. வீட்டுச் சங்கதியை மாட்டுங்காவில் போய் வாசிப்பார்களா? அந்தப் பத்தியைத் தாண்டி, கடைசி வரியை மட்டும் எழுதித் தாளை மடித்தாள்.

அன்று ‘எழுதியாச்சு’ என்று போடும்போது விரல் ஒரு கணம் தயங்கியது. போட்டுவிட்டாள்.

*

விஜயலட்சுமி வங்கியில் வேலை பார்க்கிறவர். மூன்றாம் மாடி வீட்டின் கூடத்தில் பாய் விரித்து, வந்தவர்களுக்கெல்லாம் காபி கொடுத்து, போன்களை வாங்கி ஒரு கூடையில் போட்டுவிடுவார். அதன் பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசக் கூடாது. காபி சூடு தொண்டையில் இறங்குவதைக் கவனிக்க வேண்டும்.

அந்த வட்டத்தில் ஒரு வழக்கம். ஒருவர் எழுதியதை அவரே வாசிக்கக் கூடாது, இன்னொருவர் வாசிக்க வேண்டும். எழுதியவர் கண்ணை மூடிக் கேட்க வேண்டும். முடிந்ததும் ஒரே ஒரு விஷயம் சொல்லலாம். தன் எழுத்தை அயலார் குரலில் கேட்டால்தான் அது எங்கே நொண்டுகிறது என்று தெரியும் என்பது விஜயலட்சுமியின் கட்சி.

சஃபீனாவினுடையதை அணுசக்தி நகரிலிருந்து வரும் வெங்கடேஷ் வாசித்தார். நிதானமாக, ஒவ்வொரு சொல்லுக்கும் மரியாதை கொடுத்து வாசித்தார். எல்லோரும் நல்ல தமிழ் என்றார்கள். வாக்கியங்கள் சுத்தமாக இருக்கின்றன என்றார்கள். சஃபீனா அடக்கமாகத் தலையாட்டினாள். தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது வெங்கடேஷ் ஒரு சந்தேகம் கேட்டார். கேலியாக இல்லை, உண்மையாகவே கேட்டார்.

“தாராவியில மத்தியான நேரத்துல இவ்வளவு அமைதியான இடம் எங்கம்மா இருக்கு?”

சிலர் சிரித்தார்கள். பரீஹா சிரிக்கவில்லை. மதினியின் முழங்காலை லேசாகத் தட்டிக் கொடுத்தாள். அந்தத் தட்டுதான் சஃபீனாவுக்கு அதிகம் எரிந்தது.

அடுத்து பரீஹாவினுடையது. தமிழில் எடுத்து எழுதியவளே வாசிப்பது வழக்கமாகிவிட்டது. சஃபீனா தெளிவாக வாசித்தாள். குரலில் எந்தக் குறையும் வைக்கவில்லை. பரீஹா சப்பணமிட்டு, கண்ணை மூடி, துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். பழையது வாங்குகிறவர் போனார். கடைசி வரி வந்தது. விரல் நின்றது.

நன்றாக இருந்தது, ஆனால் சட்டென்று முடிந்துவிட்டது போல இருக்கிறது என்றார் ஒருவர். போன வாரம் இதைவிட நன்றாக வந்தது என்றார் இன்னொருவர். விஜயலட்சுமி பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார். பிறகு, ஒரு விஷயம் சொல்லலாம் என்று பரீஹாவைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

பரீஹா கண்ணைத் திறந்தாள். யாரையும் பார்க்கவில்லை.

“நடுவுல ஒரு எடம் விட்டுப்போச்சு. சொல்லட்டுமா?”

கூடையிலிருந்து போனை எடுத்துக்கொள்ளச் சொன்னார் விஜயலட்சுமி. வேண்டாம், ஞாபகம் இருக்கிறது என்றாள். வீட்டில் பேசுவது போலவே சொன்னாள்.

“கரண்ட் போச்சு. கீழ எல்லா மெஷினும் ஒண்ணா நின்னுச்சு. அப்பதான் எனக்குக் கால் இருக்கதே தெரிஞ்சுது. ஏன்னா தரை ஆடல. உம்மாவுக்கு மெஷின் நின்னது தெரியல. எப்பவும் போல கத்தித்தான் பேசிட்டு இருந்தாங்க. ‘எனக்கு இந்த வூட்ல அழ ஒரு எடம் உண்டா? இருந்த பரணையும் மருமவளுக்குக் குடுத்தாச்சு’ன்னாங்க. அது சந்து முழுக்கக் கேட்டுச்சு. எதுத்த வீட்டுல யாரோ ஜன்னலச் சாத்துனாங்க. உம்மா வாயப் பொத்திக்கிட்டாங்க. கீழ ஒருத்தர் மெஷின் சக்கரத்தக் கையால சுத்த ஆரம்பிச்சாரு. கரண்ட் இல்லாமலே. அப்புறம் இன்னொருத்தர். கொஞ்சமாவது சத்தம் வரட்டும்னு. அது யாருன்னு நான் எட்டிப் பாக்கல.”

யாரும் பேசவில்லை. இந்த முறை பேசக் கூடாது என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. கீழே தெருவில் பூக்காரியோடு யாரோ பேரம் பேசுவது கேட்டது. வெங்கடேஷ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சஃபீனா கையிலிருந்த தாளைப் பார்த்தாள். அவளுடைய கையெழுத்து அழகானது. பள்ளியில் பரிசு வாங்கியது. அந்தத் தாளில் எங்கே அந்தப் பத்தி இருந்திருக்க வேண்டுமோ, அங்கே இரண்டு வரிகள் ஒன்றோடொன்று நெருக்கமாக, எதுவும் நடக்காதது போல நின்றன.

எடுத்து எழுதும்போது ஒரு பத்தி நழுவுவது சகஜம்தான் என்று விஜயலட்சுமி சொன்னார். சஃபீனாவை அவர் பார்க்கவில்லை. பிறகு வார இதழின் அந்தப் பக்கம் பரீஹாவுக்கு என்றார்.

“ஆனா ஒண்ணும்மா. அவா கேக்கறது கையெழுத்துப் பிரதியோ டைப் பண்ணினதோ, தமிழ்ல இருக்கணும். வாராவாரம் புதன்கிழமை போய்ச் சேரணும். யார் எழுதித் தருவா?”

எல்லோரும் சஃபீனாவைப் பார்த்தார்கள். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை எப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியாது.

*

பஸ்ஸில் ஜன்னலோர இடத்தைப் பரீஹா மதினிக்கு விட்டாள். பஸ் கிங்ஸ் சர்க்கிள் தாண்டியது. பரீஹா போனில் ஏதோ வேகமாக அடித்துக்கொண்டிருந்தாள். சிநேகிதி மெஹக்குக்குச் செய்தி சொல்கிறாள் என்று சஃபீனா நினைத்தாள். சயான் சிக்னலில் பஸ் நின்றதும் பரீஹா போனை மடியில் வைத்தாள்.

“விட்டுப்போச்சா, விட்டுட்டீங்களா மதினி?”

சஃபீனா காலையிலேயே தயாராக வைத்திருந்த பதிலை எடுத்தாள். மாமி அப்படி ஒரு வார்த்தை சொன்னதை ஊரார் முன்னால் வைக்கலாமா, நாளைக்கு அச்சில் வந்தால் கடையநல்லூரில் வாசிக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று சொன்னாள். சொல்லும்போது நியாயமாகத்தான் இருந்தது.

பரீஹா முழுவதையும் கேட்டாள்.

“உம்மாட்ட வாசிச்சுக் காட்டிட்டுத்தான் உங்களுக்கு அனுப்புனேன். சிரிச்சாங்க. ‘நெசந்தானே, எழுதிக்க’ன்னாங்க.”

சிக்னல் விழுந்தது. பஸ் நகரவில்லை. பின்னாலிருந்து ஹாரன்கள்.

“கோவமெல்லாம் இல்ல மதினி. சச்சி, நெசமாத்தான். எனக்கு ஒண்ணுதான் தெரியணும். அவ்ளோ எழுதியிருக்கேன், அதுல அந்த எடத்த மட்டும் எப்படிப் பிடிச்சீங்க?”

சஃபீனா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

“டாக்டர் வாரதுக்கு முன்னாடி கவுண்டர்ல உக்காந்து கடகடன்னு அடிச்சது. எது நல்லாருக்கு, எது நல்லால்லன்னு எனக்குத் தெரியாது. நீங்க எடுத்துட்டு வாசிச்சீங்க பாருங்க, அப்பதான் தெரிஞ்சுது. ஓஹோ, அதான் உயிரான எடம் போலன்னு.”

இதில் குத்தல் இருந்ததா என்று சஃபீனா தேடிப் பார்த்தாள். இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். திருப்பிக் குத்தியிருக்கலாம். பரீஹாவின் முகத்தில் புதிய தெருவுக்கு வழி கண்டுபிடித்த ஆளின் சந்தோஷம்தான் இருந்தது. சஃபீனா மூச்சைக் கவனிக்க முயன்றாள். அது எங்கெங்கோ முட்டிக்கொண்டு ஓடியது.

பரீஹா மறுபடியும் போனை எடுத்து, விட்ட இடத்திலிருந்து அடிக்க ஆரம்பித்தாள்.

*

வீட்டில் செய்தி மாடிப்படி ஏறுவதற்குள் பரவிவிட்டது. பட்டறைக்கு வெள்ளிதான் விடுமுறை. ஞாயிறு மதியம் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. சலாவுதீன் கையில் ஒட்டிய பசையைத் தின்னர் போட்டுத் துடைத்துவிட்டுச் சாப்பிட மேலே வந்தார். ஐரோலியில் வேலை பார்க்கும் அர்பாஸ் லீவு நாள் தூக்கம் கலைந்து, பனியனோடு உட்கார்ந்திருந்தான். தங்கை பெயர் புத்தகத்தில் வரப் போகிறது என்று கேட்டதும் முதலில் அவன் கேட்டது, போட்டோ போடுவார்களா என்பதைத்தான்.

தமிழில் எழுதித் தர ஆள் வேண்டும் என்ற பேச்சு வந்தது. அது ஒரு பிரச்சினையாகவே அர்பாஸுக்குத் தெரியவில்லை.

“அரே, காலையில நீ சும்மாதான உக்காந்திருக்க. அந்த நேரத்துல எழுதிக் குடுத்துரு.”

சும்மா. சஃபீனா மீன் குழம்புச் சட்டியை இறக்கி வைத்தாள். இத்தனை விடியல்களுக்கும் இந்த வீட்டில் அதுதான் பெயர்.

பேகம் சோறு போட்டுக்கொண்டே மருமகளை நிமிர்ந்து பார்த்தார். “ஏளா, அப்ப ஒனக்கு எழுத நேரம் வேண்டாமா?” என்று கேட்டார். கேட்டது அவர் ஒருவர்தான். பரணை விட்டுக் கொடுத்தவரின் முகத்தைப் பார்க்காமல் சஃபீனா தண்ணீர்ச் செம்பை நகர்த்தி வைத்தாள்.

அதற்குள் பரீஹா வேறு ஒரு வழி சொன்னாள். மதினி எழுதித் தரவே வேண்டாம், எழுத்தைக் கற்றுக் கொடுத்தால் போதும். காலையில் தானும் பரணுக்கு வருகிறேன், கொஞ்ச நாளில் பிடித்துக்கொள்வேன், அப்புறம் மதினியின் நேரம் மதினிக்கு. அதுவரைக்கும் மட்டும் எடுத்து எழுதித் தந்தால் போதும் என்றாள்.

நல்ல யோசனை. வீட்டில் எல்லோருக்கும் அது புரிந்தது. சஃபீனாவுக்கும் புரிந்தது. கூடவே இன்னொன்றும் புரிந்தது. பரீஹா எழுத்தைக் கற்றுக்கொண்டுவிட்டால், அந்தப் பக்கம் தன் கைக்கு வராமலே சென்னைக்குப் போய்விடும். தான் இல்லாமலே நன்றாக இருக்கும். தன் கை படாத ஒரு சொல் அச்சில் வந்து, அதை நாலு பேர் இங்கே வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்பார்கள். யாரிடம்? தன்னிடம்தான்.

அவளுடைய விடியல் போனால் போகட்டும் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதைப் பார்த்து அவளுக்கே பயமாக இருந்தது. ஆனால் வாய் அதற்கு முன்னே போய்விட்டது.

“வேண்டாம் மாமா. அவளுக்குக் கிளினிக் வேலை இருக்கு. காலையில தூங்கட்டும். நானே எழுதித் தாரேன். ஒவ்வொரு வாரமும் நானே தாரேன்.”

சலாவுதீன் தட்டிலிருந்து கையை எடுத்தார். இந்தக் காலத்தில் நாத்தனாருக்காகத் தன் நேரத்தைக் கொடுக்கிற மருமகள் எந்த வீட்டில் இருக்கிறாள் என்று, கீழே ஓடும் மெஷினுக்கு மேலாகக் குரல் எடுத்துச் சொன்னார். அல்லாஹ் பரக்கத் செய்வான் என்றார். அர்பாஸ் பெருமையோடு மனைவியைப் பார்த்தான். பேகம் குழம்பிலிருந்த பெரிய மீன் துண்டை எடுத்து சஃபீனாவின் தட்டில் வைத்தார்.

பரீஹா மறுக்கவில்லை. சரி மதினி என்றாள். ரொம்ப நேரம் மதினியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எழுதி முடித்ததும் ஒவ்வொரு வரியும் தனக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்றாள். காட்டாமலா என்றாள் சஃபீனா.

முதல் வாரம் எதைப் பற்றி எழுதப் போகிறாய் என்று மகளிடம் கேட்டார் சலாவுதீன். பட்டறையைப் பற்றி எழுது, நாலு பேருக்கு நம்ம பை தெரியட்டும் என்றார்.

“மதினியப் பத்தி, வாப்பா.”

“இவளப் பத்தியா? என்னன்னு?”

“பஸ்ல வாரப்பவே எழுதியாச்சு. அவங்கதான தமிழ்ல எடுக்கணும். மொதல்ல அவங்களே வாசிக்கட்டும்.”

எல்லோரும் சிரித்தார்கள். பரீஹா இடது கையால் மடியிலிருந்த போனை ஒருமுறை தொட்டாள். பக்கத்தில் தரையில் கிடந்த சஃபீனாவின் போன் அதிர்ந்தது. அவளுடைய வலது கை முழுக்கச் சோறு. குனிந்து திரையை மட்டும் பார்த்தாள். இந்தி எழுத்தில் முதல் வரி வந்து நின்றது.

‘எங்க மதினிக்கு எது நல்ல எழுத்துன்னு தெரியும். அதனாலதான்’

அதற்கு மேல் திரையில் இல்லை. மிச்சத்தை வாசிக்கத் திறந்தாக வேண்டும். மீன் துண்டை அப்படியே விட்டுவிட்டு, சஃபீனா கை கழுவ எழுந்தாள்.